``கொஞ்சம் முன்னால நட, நான் பின்னால வர்றேன்!'' - ஜோடியா மலையேறினா மனசுக்குள்ள என்ன நடக்கும்?

வத்தலக்குண்டில் பஸ் ஏறி உட்கார்ந்தபோது மணி காலை ஆறு. பக்கத்து சீட்டில் கணவர். ரெண்டு பேர் கையிலும் போன். சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க ஒரே பஸ்ஸில் வந்திருந்தோம். அதற்குள் நாங்கள் பேசிக்கொண்டது மொத்தம் மூன்று வாக்கியங்கள். ``சார்ஜர் இருக்கா?'', ``ஜன்னலைச் சாத்து'', ``இறங்கணும்.''

கல்யாணம் ஆகி மூணு வருஷம். சண்டை எல்லாம் எதுவும் இல்லை. அதுதான் பிரச்னையே! எனக்கு நியூஸ் டெஸ்க்கில் ஷிஃப்ட், அவருக்கு ஐ.டி கம்பெனியில் ஷிஃப்ட். ஒருத்தர் தூங்கும்போது ஒருத்தர் கிளம்புவோம். கேஸ் புக் பண்ணியாச்சா, வாடகை போட்டாச்சா, தண்ணி கேன் வந்துச்சா... வாட்ஸ்அப்பில் எங்கள் சாட்டை ஸ்க்ரோல் செய்தால், ஏதோ அபார்ட்மென்ட் அசோசியேஷன் குரூப் மாதிரி இருக்கும்.

`காதலரோடு மலையேறினால் நெருக்கம் கூடும்' என்று இன்ஸ்டாவில் ஆயிரம் ரீல்ஸ் சொல்கிறது. உண்மையிலேயே அப்படி ஏதாவது நடக்குமா, நடந்தால் ஏன் நடக்கிறது? எழுதுவதற்காகத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததோடு விட்டிருக்கலாம். ``ஒரு தடவை போய்தான் பார்ப்போமே'' என்று இவரையும் இழுத்துக்கொண்டு கிளம்பியது ஜனவரி மாதத்து ஒரு சனிக்கிழமை. போன இடம், பெரும்பாறை.

கொடைக்கானல் என்றால் எல்லோருக்கும் ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறைதான். பெரும்பாறை அந்த லிஸ்ட்டிலேயே வராது. அது கீழ்ப்பழனி மலை. சித்தரேவு தாண்டி மலைச்சாலையில் ஏற ஆரம்பித்தால், தாண்டிக்குடி போகிற வழியில் வருகிற ஊர். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் என்பதால் கொடைக்கானல் அளவுக்குக் குளிராது. சுற்றிலும் காபித் தோட்டம். நிழலுக்கு சில்வர் ஓக்கும் பலாவும், அந்த மரங்களில் சுற்றி ஏறிய மிளகுக் கொடியும், நடுநடுவே மலைவாழையும் ஆரஞ்சும். கொஞ்சம் மேலே தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் புல்லாவெளி அருவி. அங்கே விழுகிற தண்ணீர்தான் ஆத்தூர் காமராஜர் அணைக்குப் போகிறது.

ஜனவரியில் காபிப் பழம் பறிக்கிற சீஸன். செடியெல்லாம் சிவப்பு மணி கோத்த மாதிரி இருந்தது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால், அதைப் பார்த்து ரசிக்கிற மூடில் நாங்கள் இல்லை. ஏனென்றால், நடக்க ஆரம்பித்த இருபதாவது நிமிஷமே சண்டை வந்துவிட்டது.

சண்டை ஏன் வருது தெரியுமா?

இவர் உயரம். நீளமான கால். சரசரவென்று போய்விட்டு, வளைவில் நின்று எனக்காகக் காத்திருப்பார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நிற்பேன். உடனே, ``போலாமா?'' என்று கிளம்பிவிடுவார். நாலு வளைவு இப்படியே போனது. ஐந்தாவது வளைவில் கத்திவிட்டேன். ``நீ அஞ்சு நிமிஷம் ரெஸ்ட் எடுத்துட்டு கிளம்புற. நான் வந்து சேர்ற நிமிஷத்துல கிளம்புற. அப்ப நான் எப்ப ரெஸ்ட் எடுக்கிறது?''

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஜோடியாக ட்ரெக்கிங் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் இதே கதையைச் சொல்வார்கள். வேகமாக நடப்பவருக்கு வழி முழுக்க ஓய்வு கிடைக்கும். மெதுவாக நடப்பவருக்கு, அதாவது யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கு, ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது. முன்னால் போனவருக்கு, `நான் காத்திருந்தேனே, அதுக்கே நன்றி சொல்லணும்' என்று தோன்றும். பின்னால் வருபவருக்கு, `என்னை ஒரு சுமையாத்தானே பார்க்கிறான்' என்று தோன்றும். ரெண்டு பேரும் அவரவர் பக்கம் நியாயமாகத்தான் இருப்பார்கள்.

மலையில் எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப்போட ஒரு பழைய வழி இருக்கிறது. 1892-ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் என்ற மலையேற்றக்காரர் சொன்னது. சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். உலகம் முழுக்க இன்றைக்கும் இந்தக் கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. `10 கிலோமீட்டர்தானே, ரெண்டு மணி நேரத்துல முடிச்சிடலாம்' என்று கூகுள் மேப்பைப் பார்த்துச் சொல்கிறவர்தான், பாதி வழியில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். நெய்ஸ்மித் கணக்கே நல்ல உடற்பயிற்சி உள்ளவர்களுக்கானது. நம்மைப்போல் நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் அதோடு இன்னும் பாதியைச் சேர்த்துக்கொள்வது உத்தமம்.

எங்கள் சண்டையைத் தீர்த்துவைத்தது வழியில் இருந்த டீக்கடை அக்கா. நாங்கள் பேசாமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி டீ குடிப்பதைப் பார்த்தவர், ``என்ன தாயி, ஏறும்போதே சண்டையா?'' என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு இவரிடம், ``ஏன் தம்பி, மெதுவா நடக்கிற ஆளைல்ல முன்னால விடணும்? அவங்க நடைக்கு நீங்க நடந்தா முடிஞ்சுபோச்சு. எங்க ஊருல சுமை தூக்கிட்டு வர்ற ஆளு எப்பவும் முன்னாலதான் போவும்'' என்றார்.

அவ்வளவுதான். நான் முன்னால், அவர் பின்னால். அதற்குப் பிறகு எல்லாமே மாறியது.

முகம் பார்க்காம பேசுறதுல ஒரு வசதி

அரை மணி நேரம் அமைதியாக நடந்திருப்போம். பின்னாலிருந்து குரல் வந்தது. ``ஆபீஸ்ல ஒரு லிஸ்ட் ஓடிட்டு இருக்கு. என் பேரும் இருக்கலாம்னு நினைக்கிறேன்.''

நான் திரும்பவில்லை. ஏனோ, திரும்பினால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார் என்று தோன்றியது. ``எத்தனை நாளா?'' என்றேன். ``ரெண்டு மாசமா.''

ரெண்டு மாசம்! ஒரே வீட்டில், ஒரே கட்டிலில். தண்ணி கேன் பற்றியெல்லாம் பேசியிருக்கிறோம். இதைப் பேசவில்லை. கோபம் வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. நடந்துகொண்டே இருந்ததால் ரெண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த அடி எடுத்து வைக்க முடிந்தது. வீட்டு ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்து இதைக் கேட்டிருந்தால், முதல் நிமிஷத்திலேயே ``ஏன் என்கிட்ட சொல்லலை?'' என்று விசாரணையை ஆரம்பித்திருப்பேன்.

எதிரெதிரே உட்கார்ந்து `உன்கிட்ட கொஞ்சம் பேசணும்' என்றாலே பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். நடக்கும்போது கண்கள் பாதையில் இருக்கின்றன. இடையில் வருகிற மௌனத்துக்கு யாரும் பொறுப்பில்லை, மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். கேட்கக் கூச்சமான விஷயத்தைக் கேட்டுவிட்டு, ``பாறை வழுக்குது, பார்த்து'' என்று பேச்சை மாற்றிக்கொள்ளலாம். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது நிறைய பேர் மனசு விட்டுப் பேசுவார்கள் இல்லையா, அதே கதைதான். ஹெல்மெட் இல்லாததால் பதில் மட்டும் தெளிவாகக் கேட்கும்!

இதில் காட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 2015-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிரகரி பிராட்மேன் குழு ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பிரிவினரை மரங்களும் புல்வெளியும் இருக்கிற பாதையில் 90 நிமிடங்கள் நடக்கவைத்தார்கள். இன்னொரு பிரிவினரை வண்டிகள் பறக்கிற சாலையோரம் அதே 90 நிமிடங்கள். நடப்பதற்கு முன்பும் பின்பும் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் அசைபோடும் பழக்கம், இயற்கையில் நடந்தவர்களுக்குக் குறைந்திருந்தது. அந்த அசைபோடுதலோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் செயல்பாடும் தணிந்திருந்தது. சாலையோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. கால் நடந்தால் மட்டும் போதாது, எந்த இடத்தில் நடக்கிறோம் என்பதும் கணக்கில் வருகிறது. சிறிய ஆய்வுதான், 38 பேர். ஆனாலும் காபித் தோட்டத்து நிழலில் நடந்தபோது எனக்கு அது பொய்யாகத் தெரியவில்லை.

மலை சரிவு குறையுமா?

நான் படித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு வேறொன்று. சிமோனே ஷ்னால் என்ற உளவியலாளரும் அவர் சகாக்களும் 2008-ல் வெளியிட்டது. ஒரு மேட்டின் அடியில் ஆட்களை நிறுத்தி, `இது எவ்வளவு செங்குத்தா இருக்கு?' என்று கேட்டார்கள். சிலர் தனியாக நின்றார்கள். சிலருக்குப் பக்கத்தில் நண்பர் இருந்தார். மேடு ஒன்றுதான். ஆனால், பக்கத்தில் நண்பர் இருந்தவர்களின் கண்ணுக்கு அது குறைவான சரிவாகத் தெரிந்தது! நட்பு எவ்வளவு வருஷப் பழக்கமோ, அவ்வளவுக்கு மேடு தணிந்து தெரிந்தது. இன்னொரு சுற்றில் நண்பரைக் கூட்டிவரக்கூட இல்லை. தனக்கு ஆதரவாக இருக்கிற ஒருவரை மனசில் நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அதற்கே பலன் தெரிந்தது.

மூளை, மேட்டின் கோணத்தை அளக்கும்போது கூடவே `என்கிட்ட எவ்வளவு தெம்பு இருக்கு' என்பதையும் சேர்த்தே கணக்குப் போடுகிறது என்பது அவர்களின் விளக்கம். கூட நிற்கிற ஆள் நம் தெம்புக் கணக்கில் வரவாக ஏறுகிறார். அப்படியென்றால், கூட வருகிற ஆள் எப்போது பார்த்தாலும் `உன்னால முடியாது' என்று மட்டம் தட்டுகிறவராக இருந்தால்? இந்த ஆய்வு அதைப் பார்க்கவில்லை. ஆனால், பதிலை நாமே யோசித்துக்கொள்ளலாம்.

தொங்கு பாலமும் படபடப்பும்

புல்லாவெளியில் ஒரு தொங்கு பாலம் உண்டு. நடுவில் போனதும் ஆடும். கீழே பாறையும் தண்ணீரும். எனக்கு உயரம் என்றாலே பயம். கம்பியைப் பிடித்த கை வியர்த்துவிட்டது. பின்னால் வந்தவர் என் பையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார். ஆனால் அந்த நிமிஷம், சத்தியமாக, கல்யாணத்துக்கு முன்னால் இருந்த மாதிரி ஒரு படபடப்பு!

இந்தப் படபடப்பை வைத்தே உளவியலில் ஒரு புகழ்பெற்ற ஆய்வு இருக்கிறது. அதுவும் தொங்கு பாலத்தில்தான். கனடாவின் வான்கூவர் பக்கத்தில் கேபிலானோ என்கிற பாலம். 450 அடி நீளம், ஆற்றிலிருந்து 230 அடி உயரம். டொனால்டு டட்டன், ஆர்தர் ஏரன் என்ற ரெண்டு உளவியலாளர்கள், அந்தப் பாலத்தைக் கடக்கிற இளைஞர்களிடம் ஒரு பெண்ணை அனுப்பிச் சில கேள்விகள் கேட்கவைத்தார்கள். முடிவில் அவர், `மேலும் தெரிஞ்சுக்கணும்னா போன் பண்ணுங்க' என்று நம்பர் கொடுப்பார். ஆடாத, தாழ்வான வேறொரு பாலத்திலும் இதையே செய்தார்கள். ஆடுகிற பாலத்தில் நம்பர் வாங்கிய 18 பேரில் 9 பேர் போன் செய்தார்கள். ஆடாத பாலத்தில் 16 பேரில் வெறும் 2 பேர்! பயத்தில் அடித்துக்கொள்ளும் இதயத்தை, `இவங்க மேல ஈர்ப்பு' என்று மூளை தப்பாகப் படித்துக்கொள்கிறது என்பது 1974-ல் அவர்கள் சொன்ன விளக்கம். இந்த ஆய்வு நடத்தப்பட்ட விதம் பற்றிப் பின்னால் வந்தவர்கள் நிறைய கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதனால், `பாலத்துல நிக்கவெச்சா லவ் வந்துடும்' என்று யாரும் பிளான் போட வேண்டாம்.

அதே ஏரன், ஏற்கெனவே ஜோடியாக இருப்பவர்களை வைத்து 2000-ல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் பொருத்தம். தம்பதியின் கையையும் காலையும் ஒருவரோடொருவர் ஒட்டுப்பட்டையால் கட்டிவிட்டு, ஜிம் மெத்தையில் தவழ்ந்து ஒரு தடுப்பைத் தாண்டிப் போகச் சொன்னார்கள். இடையில் ஓர் உருளைத் தலையணையையும் கையால் பிடிக்காமல் கொண்டுபோக வேண்டும். ஏழே நிமிஷம். பார்க்க ஆடித் தள்ளுபடி விளம்பரம் மாதிரி இருந்திருக்கும். ஆனால், இப்படிப் புதுசாக, கொஞ்சம் கஷ்டமான ஒன்றைச் சேர்ந்து செய்தவர்கள், போரடிக்கிற வேலையைச் செய்த தம்பதிகளைவிடத் தங்கள் உறவில் அதிகத் திருப்தி இருப்பதாகச் சொன்னார்கள். காதலின் ஆரம்பத்தில் தினமும் புதுசு புதுசாக ஒருவரைத் தெரிந்துகொள்கிறோம். அந்த வேகம் அடங்கியதும் சலிப்பு வருகிறது. புதுசாக ஒன்றைச் சேர்ந்து செய்யும்போது அந்தப் புத்துணர்ச்சி, கூட இருக்கிற ஆளின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இதுதான் ஏரன் பல வருடங்களாகச் சொல்லிவரும் கோட்பாடு.

என்னைக் கேட்டால், மலையில் இதைவிட முக்கியமாக நடப்பது ஒரு சின்ன விஷயம். ``அங்க பாரேன்!'' இந்த ரெண்டு வார்த்தைகள்தான். அன்று எத்தனை முறை சொல்லிக்கொண்டோம் என்று கணக்கே இல்லை. அங்க பாரேன், இருவாச்சியா அது? (இல்லை, காக்கா.) அங்க பாரேன், எவ்வளவு பெரிய பலா மரம். தாம்பத்யம் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மேன், இந்த மாதிரி சின்னச் சின்ன அழைப்புகளைத்தான் உறவின் அடிப்படை என்கிறார். கல்யாணமான புதிதில் தம்பதிகளைக் கவனித்துவிட்டு ஆறு வருடங்கள் கழித்துப் பார்த்திருக்கிறார். சேர்ந்தே இருந்தவர்கள், துணையின் அழைப்புகளில் 86 சதவிகிதத்துக்குத் திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னவர்கள். பிரிந்தவர்கள் 33 சதவிகிதத்துக்குத்தான். வீட்டில் ``இங்க பாரேன்'' என்றால், நம் பார்வை போனிலிருந்து நகர்வதில்லை. மலையில் போன் சிக்னல் பாதி இடங்களில் இல்லை. பார்த்துதானே ஆக வேண்டும்!

குறிஞ்சியைச் சொல்லாம எப்படி?

`மலைக்கும் காதலுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்டால், பத்தாம் வகுப்பு தமிழ் ஞாபகம் வரணும். குறிஞ்சி - மலையும் மலை சார்ந்த இடமும். அதன் உரிப்பொருள், புணர்தலும் அது தொடர்பானவையும். பிரிவுக்குப் பாலை, ஊடலுக்கு மருதம் என்று பிரித்துவைத்த நம் ஆட்கள், சேர்வதற்கு மலையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் திணைக்குப் பெயர் தந்த நீலக்குறிஞ்சி, பழனி மலையின் மேல்பகுதிகளில் 12 வருடங்களுக்கு ஒருமுறை பூக்கிறது. 2006, 2018 என்று பூத்தது. அடுத்து 2030. மூணு வருஷ தாம்பத்யத்துக்கே மூச்சு வாங்குகிற நமக்கு, 12 வருஷம் காத்திருக்கிற செடியைப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இந்த மலையில் ஜோடியாக நடந்தவர்கள் என்றால், இடும்பனையும் இடும்பியையும் சொல்லணும். ரெண்டு குன்றுகளைக் காவடியாகத் தூக்கி வந்தவன் இடும்பன். அவன் முருகனோடு மோதி விழுந்தபோது, மனைவி இடும்பி வேண்டிக்கொண்டு அவனை மீட்டாள் என்பது பழனித் தலக் கதை. முருகன் இங்கிருந்து தாண்டிக் குதித்து பழனிக்குப் போனதால்தான் `தாண்டிக்குடி' என்று பெயர் வந்தது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

கதையெல்லாம் விட்டு நிஜத்துக்கு வந்தால், இந்த மலையில் தினமும் ஜோடியாக ஏறி இறங்குகிறவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். நாங்கள் போன வழியில் ஒரு நடுத்தர வயதுத் தம்பதி காபிப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே செடியில் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அந்த அம்மா. பேச்சே இல்லை. செடி முடிந்ததும் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் அடுத்த செடிக்கு நகர்ந்தார்கள். டீக்கடை அக்காவிடம் `ஜோடியா மலையேறினா பாசம் கூடுமாம்' என்று நான் சொன்னபோது, ``அப்படிப் பார்த்தா நானும் எங்க வீட்டுக்காரரும் இந்நேரம் சினிமாவுல டூயட்டுல்ல பாடிட்டு இருக்கணும்!'' என்றார். நியாயமான கேள்வி. பிழைப்புக்காக ஏறுகிறவருக்கு ஏற்றம் என்பது வேறு. நான் மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் விரும்பி நடக்கிறவர்களுக்கானவை.

``திரும்பிடலாமா?'' என்று யார் கேட்பது?

இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. 2022 ஆகஸ்ட்டில் இதே புல்லாவெளி அருவியில் ஓர் இளைஞர், நண்பர் வீடியோ எடுக்க, பாறை விளிம்பில் போஸ் கொடுக்கும்போது வழுக்கி விழுந்தார். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். சில நாள் தேடலுக்குப் பிறகு உடல்தான் கிடைத்தது. 2018 மார்ச் 11 அன்று, பக்கத்து மாவட்டமான தேனியின் குரங்கணியில் காட்டுத்தீ. மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் புதுமணத் தம்பதியும் இருந்தார்கள். அதன்பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிமுறைகள் வந்தன. காட்டுப் பாதைகளுக்கு வனத்துறை அனுமதி கட்டாயம். 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டியோடு ஆன்லைனில் பதிவு செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. கோடையில் தீ அபாயம் இருக்கும்போது இந்தப் பாதைகளை மூடிவிடுவார்கள்.

நாங்கள் காட்டுக்குள் போகவில்லை. ஊர்ச் சாலையும், சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டு நடந்த ஓர் எஸ்டேட் பாதையும்தான். அதிலும் மதியம் ரெண்டு மணிக்கு மேல் ஒரு தோட்டக்காரர் நிறுத்தினார். ``அங்கிட்டுப் போகாதீங்க. ராத்திரி யானை வாழையைச் சாய்ச்சுட்டுப் போயிருக்கு, எங்க நிக்குதுன்னு தெரியலை.'' பெரும்பாறை, தாண்டிக்குடி, கே.சி.பட்டி பக்கமெல்லாம் யானை தோட்டத்துக்குள் வருவது சகஜம். காட்டுமாடும் உண்டு. இன்னும் ஒரு கிலோமீட்டர் போனால் நல்ல வியூ பாயின்ட் என்று அவர்தான் சொல்லியிருந்தார். கணவர் முகத்தில் ஆசை தெரிந்தது. எனக்குப் பயம். ``எனக்குப் பயமா இருக்குப்பா, திரும்பிடலாம்'' என்றேன். அவர் ஒரு நொடி அந்தப் பாதையைப் பார்த்தார். ``சரி, வா'' என்றார். அவ்வளவுதான். `இவ்வளவு தூரம் வந்துட்டு...' இல்லை, `உன்னால...' இல்லை.

அந்த `சரி, வா'வுக்கு வியூ பாயின்ட்டைவிட மதிப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றியது. `எனக்குப் பயமா இருக்கு', `எனக்கு முடியலை', `எனக்குப் பீரியட்ஸ், வழியில எங்கேயும் டாய்லெட் இல்லை, இன்னிக்கு வேண்டாம்' - இதையெல்லாம் கூச்சமில்லாமல் சொல்ல முடிகிற ஆளோடுதான் மலையேறணும். சொன்னால் முகம் சுளிக்கிறார், மற்றவர்கள் முன்னால் கிண்டல் செய்கிறார் என்றால், மலை அவரை மாற்றாது. அவர் யார் என்பதை உங்களுக்குக் கொஞ்சம் சீக்கிரமாகக் காட்டிக்கொடுக்கும். அதுவும் ஒருவகையில் லாபம்தான்.

முதல்முறை போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மெதுவாக நடப்பவர் முன்னால். ஏறும்போது மூச்சிரைக்காமல் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடிந்தால் சரியான வேகம், முடியாவிட்டால் குறையுங்கள். பசி வருவதற்கு முன்பே சாப்பிடுங்கள். நாங்கள் கொண்டுபோன புளிசாதம் ஒரு பெரிய சண்டையைத் தவிர்த்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். மழைக்காலம் என்றால் அட்டை ஏறும், உப்புப் பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை வலிக்கும். ஏறியதைவிட இறங்கியதுதான் அதற்குக் காரணம், ஏனென்றால் இறங்கும்போது தொடைத் தசைகள் இழுபட்டுக்கொண்டே எடையைத் தாங்குகின்றன. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். மற்றபடி ஜோடி என்றால் கணவன்-மனைவிதான் என்றில்லை. அக்கா-தங்கச்சி, அப்பா-மகள், உயிர்த்தோழி... யாரிடம் பேச வேண்டியது பாக்கி இருக்கிறதோ அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சாயங்கால பஸ்ஸில் சித்தரேவு நெருங்கும்போது ரெண்டு போனும் ஒரே நேரத்தில் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தன. அவர் போனை எடுத்துப் பார்த்தார். ஆபீஸ் மெயில் எதுவும் இல்லை. என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

மெயில் பிப்ரவரியில் வந்தது. அந்த லிஸ்ட்டில் அவர் பெயர் இருந்தது. வீட்டுக்குள் உட்கார ரெண்டு பேருக்குமே பிடிக்கவில்லை. ``நடந்துட்டு வரலாமா?'' என்றார். அடையாற்றிலிருந்து பெசன்ட் நகர் பீச் வரைக்கும் நடந்தே போனோம். எவ்வளவு சேமிப்பு இருக்கிறது, எத்தனை மாசம் தாங்கும், ஊரில் எப்போது சொல்வது என்று வழி முழுக்கப் பேச்சு. நடைபாதை குறுகலான இடங்களில் மட்டும் நான் முன்னால், அவர் பின்னால்.